செல்போனில் வரும் விலையும் கடையில் இருக்கும் சரக்கும்

காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் முதல் வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். கையில் பை இருக்கிறதோ இல்லையோ, செல்போன் இருக்கிறது. "அண்ணாச்சி, துவரம் பருப்பு கிலோ எழுபத்தஞ்சு ரூபான்னு போட்டிருக்கான். நீங்க நூத்தி இருபத்தஞ்சு சொல்றீங்களே, இது நியாயமா?" என்று திரையை நம் முகத்துக்கு நேராக நீட்டுகிறார். பின்னால் நிற்கும் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அன்றைய வியாபாரம் இப்படித் தொடங்குகிறது.

நம்மில் இந்த அனுபவம் இல்லாதவர் இன்று குறைவு. இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. அந்த வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்த செய்தியும் முழுப் பொய் அல்ல. அந்தச் செய்தியைக் கையில் வாங்கிச் சற்று நிதானமாகப் படித்தால், அது கர்நாடகத்தில் கலபுரகி மண்டியின் விலை. குவிண்டாலுக்கு ரூ.7,500. சரக்கு துவரம் பருப்பு அல்ல, தோல் நீக்காத முழுத் துவரை. யாரோ ஒருவர் குவிண்டாலைக் கிலோவாக்கி, துவரையைப் பருப்பாக்கி, ஊர்ப்பெயரை விட்டுவிட்டு அனுப்பியிருக்கிறார். 100 கிலோ துவரையை உடைத்தால் கிடைக்கும் பருப்பு சுமார் 70 முதல் 75 கிலோ. 72 கிலோ என்று வைத்துக்கொண்டால், பருப்பின் அடக்கம் கிலோவுக்கு ரூ.104-ஐத் தாண்டிவிடுகிறது. பொட்டும் குருணையும் விற்றுக் கொஞ்சம் காசு வரும். ஆனால் மில் கூலி, தரம் பிரிப்பது, லாரி வாடகை எல்லாம் இனிமேல்தான் ஏற வேண்டும்.

முன்னெல்லாம் விலை நமக்கு எப்படி வந்தது என்பதை இளைய வணிகர்களுக்காக இங்கே நினைவுபடுத்துகிறோம். தென் மாவட்டக் கடைக்காரர்களுக்கு விருதுநகர்தான் கணக்கு. 1923 வரை விருதுபட்டி என்று பெயர் பெற்றிருந்த அந்த ஊரில் விளைவது அதிகம் இல்லை. ஆனால் மிளகாய் வற்றல், மல்லி, உளுந்து, துவரம் பருப்பு, எள், எண்ணெய் வகைகளுக்கு அங்கே என்ன விலை பேசப்பட்டதோ அதைக் கேட்டுத்தான் மற்ற ஊர்களில் தராசு எடுப்பார்கள். மண்டிக்காரர் தபால் கார்டில் விலை எழுதி அனுப்புவார். அவசரம் என்றால் டிரங்க் கால் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வானொலியில் கிராம நிகழ்ச்சிகளோடு சந்தை விலைகளும் வாசிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று ஒரு பத்தி வரும். டீக்கடை பெஞ்சில் அரசியல் பக்கத்துக்குச் சண்டை போடுகிறவர்களுக்கு நடுவில், அந்தச் சின்னப் பத்தி இருக்கும் தாளை மட்டும் உருவிக்கொண்டு போகிறவர் மளிகைக் கடைக்காரராகத்தான் இருப்பார்.

அந்தப் பத்தியை எப்படி எழுதினார்கள் என்று கவனிக்க வேண்டும். தேதி இருக்கும், ஊர் இருக்கும். மல்லி என்று மொட்டையாக எழுத மாட்டார்கள். லயன் ரகம், நாடு என்று பிரித்து, 40 கிலோவுக்கு என்று அளவும் போடுவார்கள். பருப்பு 100 கிலோ மூட்டைக்கு, எண்ணெய் 15 கிலோ டின்னுக்கு, வற்றல் குவிண்டாலுக்கு. உளுந்தில் நாடு வேறு, பர்மா வேறு. போன வாரத்தை விட எவ்வளவு ஏறியது, இறங்கியது என்றும் ஒரு வரி. படிக்கிறவர் இதை வைத்துக் கணக்குப் போட முடியும். ஒரு நாள் பழைய விலைதான். ஆனால் அதை எழுதியவர் மார்க்கெட்டுக்குள் போய் நாலு கடையில் விசாரித்துவிட்டு எழுதினார். தப்பாகப் போட்டால் மறுநாள் காலையில் எந்த வாசலில் போய்ச் சண்டை போடுவது என்று நமக்குத் தெரியும்.

இன்று செல்போனில் வருவது இதில் பாதிதான். எண் வருகிறது. ஆனால் தேதி, ஊர், ரகம், அளவு, சொன்னவர் யார் என்பதெல்லாம் வழியில் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் சுருக்குகிறார், மூன்றாமவர் தன் ஊர்ப் பெயரைச் சேர்க்கிறார். போன வருஷத்து விலைப்பட்டியல் புதிய 'காலை வணக்கம்' படத்தோடு மறுபிறவி எடுத்து வருவதையும் பார்த்திருக்கிறோம்.

அளவு உதிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணெய் நல்ல உதாரணம். டின் ரூ.2,100 என்று செய்தி வருகிறது. வாடிக்கையாளர் 15-ஆல் வகுத்து லிட்டர் ரூ.140 என்கிறார். ஆனால் அந்த 15, கிலோ. லிட்டர் அல்ல. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். அப்படிப் பார்த்தால் லிட்டருக்கு ரூ.127 சொச்சம்தான் வருகிறது. இதில் நமக்குச் சாதகமாகத் தவறு நடந்திருக்கிறது என்று பேசாமல் இருந்துவிடலாம் என நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அதே வாடிக்கையாளரின் மகன் பி.காம். படிக்கிறான். சாயங்காலம் வீட்டில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவான்.

மண்டி விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்பதை நாமே வாய்விட்டுச் சொல்வதில்லை. அது தொழில் ரகசியம் என்று ஒரு எண்ணம். பருப்பு மூட்டை ரூ.11,500 என்று வைத்துக்கொள்வோம். லாரி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியுமாக ரூ.150. சலித்து, சிந்திச் சிதறியது போக 99 கிலோ தேறினால் கிலோ அடக்கம் ரூ.117.68. இதற்கு மேல்தான் கடை வாடகை, கரண்டு பில், பையன் சம்பளம், பேப்பர், கடன் சொல்லிப் போனவர் திரும்பி வரும் வரையிலான வட்டி எல்லாம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள்தாம். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டுப் பாருங்கள். நூற்று இருபத்தைந்து ரூபாய்க்கு விற்கிறவர் கொள்ளை அடிக்கவில்லை என்பது ஒரு துண்டுச் சீட்டில் நிரூபணமாகிவிடும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு அச்சிட்டு விற்கும் பருப்புக்கு 5 சதவீத வரி வந்தது. சில்லரையாக நிறுத்துக் கொடுப்பதற்கு வரி இல்லை. ஒரே பருப்புக்குப் பக்கத்துக் கடையில் வேறு விலை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதையும் வாடிக்கையாளருக்கு நாம்தான் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்வார்கள்?

செய்தி முழுக்க உண்மையாக இருந்தும் நம்மைக் குழப்பிய ஒரு சம்பவம் உண்டு. 2024 செப்டம்பர் 13 இரவு மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியது. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை வரி ஒன்றுமில்லாமல் இருந்தது, 20 சதவீதம் ஆனது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5 சதவீதத்திலிருந்து 32.5 சதவீதம். விடிவதற்குள் எல்லா குரூப்பிலும் 'எண்ணெய் விலை 20 சதவீதம் உயர்வு' என்று வந்துவிட்டது. வரி உயர்வு என்பது விலை உயர்வு என்றாகிவிட்டது. சிலர் அன்றைக்கே டின்னுக்கு விலை ஏற்றினார்கள். சிலர் கடன் வாங்கி இருப்புப் பிடித்தார்கள். நான்கு நாள் கழித்து, 17-ஆம் தேதி, மத்திய உணவுத் துறை எண்ணெய்ச் சங்கங்களை அழைத்து, பழைய வரியில் வந்த சரக்கு தீரும் வரை விலையை ஏற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. அப்படி வந்த சரக்கு நாட்டில் சுமார் 30 லட்சம் டன், 45 முதல் 50 நாள் தேவைக்குப் போதும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது செய்தி முதல் செய்தியைப் போல் பறக்கவில்லை. 2025 மே மாதக் கடைசியில் கச்சா எண்ணெய் வகைகளுக்கு அடிப்படை வரியை 10 சதவீதமாகக் குறைத்தபோது நிலைமை தலைகீழ். வாடிக்கையாளர் மறுநாளே 'குறைத்துக் கொடுங்கள்' என்றார். நம் அலமாரியில் இருந்ததோ பழைய வரி கட்டி வந்த சரக்கு. ஏறும்போது பழைய இருப்புக்கு அன்றே விலை ஏற்றியவர்கள், இறங்கும்போது 'இது பழைய சரக்கு' என்று சொல்ல வாய் எழாமல் நின்றதை நாம் பார்த்தோம்.

உப்புக் கதையும் தெரிந்ததே. 2016 நவம்பர் 8-ஆம் தேதி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த மூன்றாம் நாள், டெல்லி, உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று வதந்தி. கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் என்றார்கள். கடைகளில் கூட்டம் நெரிந்தது. தட்டுப்பாடே இல்லை என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. மூன்று பக்கம் கடல் இருக்கும் நாட்டில் உப்புக்குப் பஞ்சம் என்றால் நம்ப ஆள் இருக்கிறது!

மற்றவர்களைச் சொன்ன நாம் நம்மைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பத்து ரூபாய் நாணய விவகாரத்தில் வதந்தியை நம்பியவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டும் அல்ல. கல்லாவில் உட்கார்ந்திருந்த நாம்தான் முதலில் 'இது செல்லாது, வேற குடுங்க' என்றோம். பக்கத்து ஊரில் வாங்குகிறார்கள், நம் ஊரில் வாங்குவதில்லை என்ற விசித்திரம் பல இடங்களில் வருஷக்கணக்கில் நடந்தது. ஓர் ஊருக்குள் எது பேச்சாக இருக்கிறதோ அதுவே சட்டம் என்றாகிவிட்டது.

விஷயம் இதுதான். இரண்டு உலோகத்தால் ஆன பத்து ரூபாய் நாணயம் 2009-ல் புழக்கத்துக்கு வந்தது. ரூபாய்க்கான புதிய குறியீட்டை அரசு ஏற்றது 2010 ஜூலையில். அந்தக் குறியீட்டோடு நாணயங்கள் வந்தது 2011 முதல். எனவே அதற்கு முந்தைய நாணயத்தில் குறியீடு இருக்க வழியில்லை. 'குறியீடு இல்லாதது போலி', 'மேலே பத்துக் கோடு இருந்தால்தான் அசல், பதினைந்து கோடு இருந்தால் போலி' என்று பரவியதெல்லாம் வெவ்வேறு வருஷத்து வடிவங்களைப் பார்த்து வந்த மயக்கம். ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் ஒரு முறை விளக்கம் கொடுத்தது. 2018 ஜனவரி 17-ல் மறுபடியும், அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியிட்டிருப்பதாகவும், எல்லாம் செல்லும் என்றும் அறிவித்தது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்கள் ஒரு தடவையில் ஆயிரம் ரூபாய் வரை சட்டப்படி செல்லும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நமக்கு இரண்டு பக்கமும் உதவும். ஒருவர் நூறு பத்து ரூபாய் நாணயம் கொடுத்தால் செல்லாது என்று தள்ள முடியாது. ஒருவர் மூட்டையாக ஐயாயிரம் ரூபாய்க்குக் கொண்டுவந்தால், அத்தனையையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

அந்த நாட்களில் எத்தனையோ கடைகளில் பத்து ரூபாய் நாணயங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் முடங்கிக் கிடந்தன. சில்லரை இல்லை என்று அதே கல்லாவிலிருந்து மிட்டாய் கொடுத்தோம். அந்த மிட்டாயைக் கையில் வாங்கிய பாட்டியம்மாவின் முகம் இப்போதும் நினைவில் இருக்கிறது.

இனி என்ன செய்வது என்று கேட்டால், நாம் செல்போனை விட்டுவிட முடியாது, விடவும் வேண்டாம். மண்டிக்குப் போகாமலே ரகத்தின் படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவது நல்ல வசதிதான். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குரூப்புக்கு மட்டுமே அனுப்ப முடியும்படி அந்த நிறுவனம் வைத்தது. அந்தக் குறியைப் பார்த்ததும் நமக்குத் தெரிந்த மண்டிக்கு ஒரு போன் போட்டுவிடலாம். டிரங்க் காலுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. நம் ஊர் வியாபாரிகள் குரூப்பில் விலை போடுகிறவர் தேதி, ஊர், ரகம், அளவு நான்கையும் போடட்டும். போடாவிட்டால் 'எந்த ஊர் விலை?' என்று ஒருவர் கேட்டாலே போதும், அடுத்த நாள் போட்டுவிடுவார். தெரியாமல் தப்பான விலை அனுப்பிவிட்டால், அழிப்பதோடு நிற்காமல், தப்பு என்று ஒரு வரி எழுதுவது நல்லது. அழித்ததைப் பார்க்காதவர் நிறையப் பேர்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை வைக்கலாம். 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, காய்கறி விலையைப் பலகையில் எழுதி வைக்கும் வழக்கத்தை ஜனங்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதை நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். மளிகைக்கு எல்லாச் சாமானும் எழுத வேண்டியதில்லை. பருப்பு, உளுந்து, சர்க்கரை, எண்ணெய், வற்றல் ஐந்து போதும். ரகத்தின் பெயரோடு, கிலோவா லிட்டரா என்பதோடு எழுத வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் பலகையின் ஓரத்தில் விருதுநகர் பத்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டியும் வைக்கிறார். வாடிக்கையாளர்கள் சரக்கு நிறுக்கும் வரையில் அதைப் படித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு தடவை அவர் பழைய தாளை மாற்ற மறந்துவிட, பள்ளிக்கூடம் போகிற ஒரு சின்னப் பெண்தான், "தாத்தா, இது போன செவ்வாய்க்கிழமை பேப்பர்" என்று காட்டிக்கொடுத்தாளாம்.