குதிரையின் வயிறும் தீனி முறையும்

கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் வாயைத் திறக்கிறதே என்று கொள்ளை அளவின்றி அள்ளிக் கொடுத்தால், அதுவே குதிரையின் உயிருக்கு உலையாக முடியும். கேதார்நாத் பாதையிலும் வைஷ்ணோ தேவி மலையிலும் யாத்திரிகரைச் சுமக்கும் மட்டக் குதிரைகளுக்கும், மாதேரானின் சவாரிக் குதிரைகளுக்கும் இது பொருந்தும்.

குதிரைக்கு உண்டாகும் கடும் வயிற்று வலியின் காரணத்தை அதன் உடலமைப்பிலேயே காணலாம். அத்துணைப் பெரிய பிராணிக்கு இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. புல்லின் நாரைச் செரிக்கச் செய்பவை பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். தானியம் மிகுந்தால், செரியாத மாவுப்பொருள் அங்கே சென்று புளிக்கிறது. வாயு பெருகிக் குடல் உப்புகிறது. தண்ணீர் குறைந்தாலோ, உலர்ந்த தீனி குடலில் இறுகி அடைத்துக்கொள்கிறது.

ஆகவே, புல்லே உணவு, தானியம் துணையே. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் 5 கிலோ காய்ந்த புல்லேனும் வேண்டும். அதைப் பல வேளைகளாகப் பிரித்துத் தருதல் நலம். தானியம் வேளைக்கு 1 கிலோவுக்கு மேற்படலாகாது. புல் தின்ற பின்னரே அதைத் தரவேண்டும். புதிய தீனிக்கு மாற்றுவதாயின், 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாக மாற்றவேண்டும். மணல் தரையில் தீனியைக் கொட்டினால் மணலும் வயிற்றுட் செல்லும். ஆதலால் தொட்டியில் இடுவதே முறை. நல்ல தண்ணீர் எப்போதும் கிடைக்கவேண்டும். பற்களையும் குடற்புழுக்களையும் மருத்துவர் அவ்வப்போது கவனித்தல் அவசியம்.

குதிரை முன்காலால் தரையைப் பறித்தாலும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், படுத்துப் புரண்டாலும், சாணமிடாது நின்றாலும் தீனியை நிறுத்தி, உடனே கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். தாமதம் உயிரைக் குடிக்கும்.

வடநாட்டில் வாழும் நம்மவருக்கும் இதில் பங்குண்டு. அங்கே திருமணங்களில் மணமகன் ஏறிவரும் குதிரைக்கு ஊறிய கடலைப் பருப்பு ஊட்டுவது வழக்கம். ஒரு பிடி போதும். தட்டுத் தட்டாக வேண்டா. மலையாத்திரையிலோ, புறப்படுமுன் குதிரை தீனி தின்று தண்ணீர் குடித்ததா எனக் குதிரைக்காரரைக் கேளுங்கள். கூலிக்காக ஓய்வின்றி இன்னொரு நடை போக அவர் துணியலாம்; நம் அவசரம் அதற்குத் தூண்டுகோலாகலாகாது. அரைமணி நேரம் நாம் காத்திருப்பது, குதிரையின் உயிரையும் அவர் குடும்பத்தின் பிழைப்பையும் காப்பதாக அமையும்.