உர மூட்டையும் பீரங்கியும் ஒரே கஜானாவில்

நல்லூர் வட்டாரத்தில் மக்காச்சோளத்துக்கு மேலுரம் போட நீங்கள் வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து உலகச் சந்தையில் உர விலை எகிறியபோதும் இந்த விலை மாறவில்லை. மாறியது மத்திய அரசின் கணக்கு. 2022-23 பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய். ஆண்டு முடிவில் செலவானது சுமார் 2.51 லட்சம் கோடி. நம் ராணுவம் கலந்துகொள்ளாத ஒரு போருக்கே இவ்வளவு என்றால், நம் எல்லையில் நடக்கும் போருக்கு?

அதற்கு முன், பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 2025-26 மத்திய பட்ஜெட் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதை நூறு ரூபாயாகக் கொண்டால், பழைய கடனுக்கு வட்டி 25 ரூபாய். பாதுகாப்புக்கு 13 ரூபாய் 45 காசு. வேளாண் அமைச்சகத்துக்கு 2 ரூபாய் 70 காசு. அதில் ஏறத்தாழ பாதி, ஆண்டுக்கு 6,000 ரூபாயாக உங்கள் வங்கிக் கணக்கில் வரும் பி.எம். கிசான் தொகை. வேளாண் ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது 20 காசு.

ராணுவமே வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. பாதுகாப்புச் செலவில் ஏறத்தாழ கால் பங்கு ஓய்வூதியம். மழையை நம்பிய பல ஊர்களில் முன்னாள் ராணுவ வீரரின் பென்ஷன்தான் அந்த வீட்டின் நிச்சய வருமானம். நெருக்கடி வரும்போது எது முதலில் வெட்டப்படுகிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

1962-இல் சீனப் போர் வந்தது. அதுவரை நாட்டு வருமானத்தில் 2 சதவீதம் அளவில் இருந்த பாதுகாப்புச் செலவு ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கானது. 1965-இல் பாகிஸ்தானுடன் போர். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் பருவமழை பொய்த்தது. எல்லாப் பழியையும் போர் மேல் போட முடியாது; ஆனால் வறட்சியைத் தாங்கக் கஜானாவில் தெம்பு இல்லை. 1966 ஜூனில் டாலரின் மதிப்பு 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக உயர்த்தப்பட்டது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டம் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. 1966-இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை; அதையும் அதிபர் ஜான்சன் மாதக் கணக்கில் அளந்துதான் அனுப்பினார். வாரம் ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்க்கும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டதும், 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்று முழங்கியதும் இந்த நெருக்கடியில்தான்.

அந்த இக்கட்டிலும் வேளாண்மைக்கான பணத்தை வெட்ட விடாமல் வாதாடியவர் அன்றைய உணவு, வேளாண் அமைச்சர் சி.சுப்பிரமணியம். விளைச்சலுக்குக் கட்டுப்படியாகும் விலை, உர இறக்குமதி, புதிய விதை ஆகிய மூன்றும் அவர் கேட்டவை. நிதி அமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி அந்நியச் செலாவணி இல்லை என்று தயங்கினார். இருவருமே தமிழர்கள்; இருவர் கவலையிலும் நியாயம் இருந்தது. கடைசியில் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரக கோதுமை விதை வந்தது. சில ஆண்டுகளில் தானியக் கப்பலை எதிர்பார்க்கும் நிலை மாறத் தொடங்கியது.

இலங்கையைப் பாருங்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. படையின் அளவு குறையவில்லை. 2021-இல் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். இயற்கை வேளாண்மை என்று சொல்லப்பட்டாலும் டாலர் பற்றாக்குறையும் அதன் பின்னால் இருந்தது. நெல்லும் தேயிலையும் சரிந்தன. 2022-இல் நாடே திவாலானது. 2023 ஜனவரியில்தான், சுமார் 2 லட்சமாக இருந்த ராணுவத்தை 2030-க்குள் 1 லட்சமாகக் குறைப்போம் என்று அரசு அறிவித்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். நீங்கள் விதைக்கும் மல்லாட்டையில் வி.ஆர்.ஐ. 2, வி.ஆர்.ஐ. 8 ஆகிய ரகங்களும், முந்திரியில் வி.ஆர்.ஐ. 3 ரகமும் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. ஒரு ரகத்தை உருவாக்கி வயலுக்குக் கொண்டுவர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். இடையில் இரண்டு ஆண்டு நிதி குறைந்தால் யாருக்கும் உடனே தெரியாது. போராட்டம் நடக்காது, பத்திரிகையிலும் செய்தி வராது. பத்தாவது ஆண்டில் விதை மட்டும் இருக்காது. பீரங்கிக்குப் பணம் குறைந்தால் நாடாளுமன்றத்தில் அன்றே குரல் எழும். ஆராய்ச்சிக்கான 20 காசுக்கு அப்படிக் குரல் கொடுக்க ஆள் இல்லை.

ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் வழக்கமாகச் சாலை, தெருவிளக்குத் தீர்மானம் போடுவோம். அதோடு, மானாவாரிப் பயிர் ஆராய்ச்சிக்கும் விதை உற்பத்திக்கும் நிதியை உயர்த்தக் கேட்டு ஒரு தீர்மானம் போடலாம். விரிவாக்க அலுவலர்கள் வாசகத்தை எழுதிக் கொடுத்து உதவலாம். மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1-இல் வரும். மானியக் கோரிக்கை விவாதம் பெரும்பாலும் மார்ச்சில் நடக்கும். விருத்தாசலம், திட்டக்குடி இரண்டு தொகுதிகளும் கடலூர் மக்களவைத் தொகுதிக்குள் வருவதால், தீர்மான நகலை அதற்குள் கடலூர் எம்.பி. அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.