கல்லும் பதிவேடும்

சென்ற வாரம் இறப்புப் பதிவேடுகளைப் பார்த்தோம். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அதற்கு அடுத்து நாடுவது கல்லறைப் படங்களை. பிரபலங்களின் கல்லறைகளைப் போய்ப் பார்ப்பதில் ஆர்வம் கொண்ட ஜிம் டிப்டன் என்ற அமெரிக்கர் 1995இல் தொடங்கிய ‘ஃபைண்ட் எ கிரேவ்’ தளம் 2013இல் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் கைக்குப் போனது. முன்பின் தெரியாத ஒருவர் கேட்டார் என்பதற்காக இன்னொருவர் இடுகாட்டுக்குப் போய்ப் படமெடுத்து ஏற்றுவது இன்று உலகெங்கும் நடக்கிறது. வேலையற்ற வேலை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. படமெடுப்பதோடு காரியம் முடிந்துவிட்டால் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன். ஆனால், இறந்தவரைப் பற்றி ஆளுக்கொரு மொழியில் பேசும் இரண்டு சாட்சிகளை இந்தத் தன்னார்வலர்கள் சேர்த்துவைக்கிறார்கள். எந்த அலுவலகமும் அதைச் செய்வதில்லை.

சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் இதற்கு நல்ல சான்று. 1922இல் நகராட்சி திறந்த சீனர் இடுகாடு அது. 1973இல் மூடப்படும்போது ஏறத்தாழ 1 லட்சம் கல்லறைகள் இருந்தன. அடக்கப் பதிவேடுகளைத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பிறகென்ன குறை? பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, கல்லெழுத்து சீனத்தில் இருக்கிறது. சீனத்தில் ஒரே எழுத்தாக உள்ள குடும்பப் பெயரை ஹொக்கியன்காரர் டான் என்பார், கான்டனீஸ் பேசுபவர் சான் என்பார், ஹக்காக்காரர் சின் என்பார். பதிவேட்டில் ஏறியது இப்படி ஏதோ ஓர் உச்சரிப்புதான். அதை மட்டும் வைத்து மூல எழுத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. கல்லிலோ அந்த எழுத்து உண்டு, சீனாவில் பூர்வீக ஊர் எது என்பது உண்டு, பிள்ளைகள், பேரர்கள் பெயர்கள் வரிசையாக உண்டு. ஆண்டு பெரும்பாலும் மன்னராட்சிக் கணக்கிலோ குடியரசுக் கணக்கிலோ இருக்கும். சீனக் குடியரசின் 20ஆம் ஆண்டு என்றால் 1931. பதிவேட்டையும் கல்லையும் பொருத்திக் காட்ட ஒருவர் புதரை விலக்கிக்கொண்டு அந்தக் கல்லறை முன்னால் போய் நின்றாக வேண்டும். ஒரு வம்சத்தின் சொந்த ஊர் தெரியவருவது அங்கேதான்.

இதை வல்லுநர்கள் செய்தால் போதாதா என்று கேட்கலாம். செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். இடுகாட்டின் ஊடாகச் சாலை வரப்போவதாக 2011இல் அரசு அறிவித்ததும், மானுடவியலாளர் ஹுய் யூ ஃபூங் தலைமையில் ஒரு குழு ஆவணப்படுத்தும் பணியில் இறங்கியது. ஆனால், அந்தப் பணி சாலைத் தடத்தில் இருந்த சுமார் 4,000 கல்லறைகளுக்குத்தான். மற்றவற்றுக்கு ஆபத்து வரவில்லை, ஆகவே ஆவணமும் இல்லை! தன்னார்வலர்களான ரேமண்ட் கோ, சார்ல்ஸ் கோ என்ற சகோதரர்களோ, சாலைப் பேச்சே இல்லாத 2006இல், அங்குள்ளவற்றிலேயே மிகப் பெரிதான ஓங் சாம் லியோங் கல்லறையைப் புதருக்குள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பெரிய கல்லறையே கண்ணில் படாமல் கிடந்தது என்றால் சாதாரண வியாபாரியின் கல்லறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. ‘படம்தான் எடுத்தாகிவிட்டதே, இனி இடிக்கலாம்’ என்று சொல்ல இந்தப் படங்களே வழிசெய்கின்றன என்பது அது. இதில் பாதி உண்மை என்றே நினைக்கிறேன். ஆவணம் பாதுகாப்புக்கு ஈடாகாது. படத்தைக் காட்டி அனுமதி வாங்குகிறவர்களும் இருப்பார்கள். ஆனால், படம் எடுக்காமல் விட்டிருந்தால் அந்தச் சாலை நின்றிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. சிங்கப்பூரில் 1998 முதல் புதிய அடக்கங்களுக்கே 15 ஆண்டுதான் கெடு. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து மூவரும் அடங்கியிருந்த பிடாடரி இன்று குடியிருப்புப் பேட்டை; பொறுக்கியெடுத்த சில கற்கள் மட்டும் ஒரு நினைவுத் தோட்டத்தில் நிற்கின்றன. புக்கிட் பிரவுனில் தோண்டியெடுத்த எலும்புகளைச் சந்ததியினர் கேட்டுப் பெறலாம் என்று இருந்தது. கேட்பாரில்லாதவை எரிக்கப்பட்டுச் சாம்பல் கடலுக்குப் போகும் என்பது ஏற்பாடு. எந்தக் கல்லறை தம்முடையது என்று தெரியாதவர் எதைக் கேட்பார்?

அந்தரங்கம் பற்றிய கவலையை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. சீனக் கல்லறையில் இறந்தவர் பெயரோடு, அப்போது உயிரோடிருந்த பேரர்களின் பெயரும் வெட்டப்படுகிறது. அந்தப் பேரர் இன்றும் இருக்கலாம். ஒரு குடும்பம் வெளியில் சொல்லாத இரண்டாம் தாரமும் கல்லில் இருக்கலாம். புக்கிட் பிரவுன் மூடி அரை நூற்றாண்டு ஆகிவிட்டதால் அங்கே இந்தக் கவலை குறைவு. அண்மையில் இறந்தவர் விஷயத்தில், குடும்பத்தார் கேட்காமல் படத்தை ஏற்றக் கூடாது என்பதே என் கருத்து. நான்கு தலைமுறைக்குள் வரும் நேரடி உறவினர் கேட்டால் பக்கத்தை அவரிடமே ஒப்படைக்கும்படி ‘ஃபைண்ட் எ கிரேவ்’ விதி சொல்கிறது. அது சரியான விதி.

கல் பொய் சொல்லாது என்றும் எண்ண வேண்டாம். அதில் உள்ள பிறந்த தேதி, காசு கொடுத்து எழுத்து வெட்டச் சொன்னவர் அறிந்த தேதி, அவ்வளவுதான். அதனால்தான் படித்து எழுதிய வரி மட்டும் போதாது, முழுக் கல்லின் படமும் பக்கத்துக் கல்லறைகளோடு எடுத்த படமும் வேண்டும் என்கிறோம். தவறாகப் படித்ததைப் பின்னால் வருபவர் திருத்த வேறு வழியில்லை. எழுத்து மங்கியிருந்தால் கம்பித் தூரிகையும் ஷேவிங் நுரையும் ஆகாது. இரண்டும் கல்லைக் கெடுக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினாலே பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பிவிடும்.

இத்தனையும் கல் உள்ளவர்களுக்கு. தகனம் செய்யும் பல குடும்பங்களுக்கு வெட்டிய எழுத்தே கிடையாது. ஹரித்வாரின் பண்டாக்கள் எனும் புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் வம்சாவளிப் பதிவேடுகளை அடுத்த வாரம் பார்ப்போம்.