மூன்று கட்டுரைகளும் பதின்மூன்று குழந்தைகளும்

ஒரு குழந்தை காலாகாலத்தில் உட்காரவில்லை, நடக்கவில்லை, பேசவில்லை என்றால், "அதன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுவது மிகவும் எளிது. கற்றறிந்த நிபுணர்களில் பலரும் ஒரு காலத்தில் இதையே வேறு பாஷையில் சொல்லி வந்தார்கள். புத்தி பிறவியிலேயே அமைந்துவிடுவது, அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பது அவர்கள் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை அசைத்தவர்களுள் ஒருவர் ஹெரால்டு ஸ்கீல்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். இந்த விஷயமாக அவர் பிரசுரித்த முக்கியமான கட்டுரைகள் மூன்று. முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே சென்ற காலமோ 27 வருஷம்!

1930-ஆம் ஆண்டுகளில் ஸ்கீல்ஸ், ஐயோவா மாகாணத்து டாவன்போர்ட் நகரிலுள்ள அநாதை விடுதியில் குழந்தைகளைப் பரீட்சித்து வந்தார். அங்கே சிசுக்களுக்குப் பாலும் துணியும் கிடைத்தன. மனித முகந்தான் கிடைக்கவில்லை. ஆறு மாதம் வரையில் தொட்டிலின் பக்கங்களை வெள்ளைத் துணியால் மறைத்திருப்பார்கள். பாலூட்டவும் துணி மாற்றவுமே தாதிகள் வருவார்கள். இரண்டு வயதானதும், 30 முதல் 35 குழந்தைகளுக்கு ஒரே ஒரு மேற்பார்வைக்காரி.

அவ்விடுதியில் 13 மாதமும் 16 மாதமும் ஆன இரு பெண் குழந்தைகள் மெலிந்து துவண்டு, முனகிக்கொண்டே காலங் கழித்தன. சராசரிக் குழந்தையின் புத்தியை 100 என்று வைத்துக்கொண்டால், இவற்றின் புத்தி 46-ம் 35-மாக இருந்தது. தத்தெடுக்க ஒருவரும் முன்வரமாட்டார்கள் என்று கருதி, மனவளர்ச்சி குன்றியோர் வசிக்கும் ஒரு ஸ்தாபனத்துக்கு இரண்டையும் அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து வேறு காரியமாக ஸ்கீல்ஸ் அங்கே போனார். கலகலவென்று சிரித்து ஓடியாடும் இரண்டு குழந்தைகளைக் கண்டு, அவைதாமா இவை என்று திகைத்தார். மறுபடியும் பரீட்சித்ததில் புத்தி அளவு 77-ம் 87-மாக உயர்ந்திருந்தது!

எந்த வைத்தியர் கொடுத்த மருந்து இது? அந்தக் கூடத்தில் வசித்தவர்கள் 18 முதல் 50 வயது வரையிலான ஸ்திரீகள். அவர்களது மனவளர்ச்சியோ 5 முதல் 9 வயதுக் குழந்தையின் அளவே. அவர்களில் ஒருத்தி குழந்தைக்குத் தாயானாள். மற்றவர்கள் அத்தையும் சித்தியும் ஆனார்கள். எந்நேரமும் எடுத்துக் கொஞ்சினார்கள், பேசினார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். பணிப்பெண்களும் தங்கள் விடுமுறை நாளில் குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்றார்கள்.

ஸ்கீல்ஸ் அதிகாரிகளை இணங்கச் செய்து, அவ்விருவரோடு சேர்த்து மொத்தம் 13 குழந்தைகளை இவ்வாறு 'விருந்தாளி'களாக அனுப்பி வைத்தார். 1939-இல் ஹெரால்டு டை என்பவருடன் எழுதிய முதற் கட்டுரை அதன் பலனைச் சொல்லிற்று. சென்ற 13 குழந்தைகளின் புத்தி சராசரி 27.5 உயர்ந்தது. ஆரம்பத்தில் அவர்களைவிட மேலாக இருந்து, விடுதியிலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளுக்கோ சராசரி 26.2 குறைந்தது. பண்டிதர்கள் நம்பவில்லை. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் க்வின் மக்னீமர் 1940-இல் ஐயோவா ஆராய்ச்சிகளை வன்மையாகக் கண்டித்து எழுதினார். ஸ்கீல்ஸ் 1942-இல் இரண்டாவது கட்டுரையை வெளியிட்டார். அது யுத்த காலம். அவர் வேறு பணிகளுக்குச் சென்றார்.

வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட அக்குழந்தைகளைப் பின்னர் அவர் தேடிக் கண்டுபிடித்து, 1966-இல் மூன்றாவது கட்டுரையைப் பிரசுரித்தார். பதின்மூவரில் பதினொருவர் தத்தெடுக்கப்பட்டிருந்தனர். எல்லோரும் சொந்தக் காலில் நின்றனர். ஒருவர்கூட எந்த ஸ்தாபனத்திலும் அடைபட்டிருக்கவில்லை. மற்றப் பன்னிருவரில் ஒருவர் ஸ்தாபனத்திலேயே இளமையில் மாண்டார். நால்வர் இன்னமும் ஸ்தாபனங்களிலேயே இருந்தனர்.

அப்பன்னிருவரில் நன்கு முன்னேறியவர் ஒருவரே. அவருக்குக் காது மந்தம். அதனாலேயே காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒரு மேற்பார்வைக்காரி அவரிடம் தனி அன்பு வைத்தாள். அவர் பத்திரிகையில் அச்சுக் கோப்பவரானார். ஊனம் என்று உலகம் சொன்னதே அவருக்கு ஒரு தாயைத் தேடித் தந்தது!

இவ்வாராய்ச்சியில் குறையில்லை என்று சொல்வதற்கில்லை. குழந்தைகளின் தொகை சிறிது. சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்ததுமல்ல. ஆனால் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், அநாதை விடுதிகளிலிருந்த 136 குழந்தைகளை அவ்விதமே குலுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றவர்களே அறிவில் மேம்பட்டார்கள். அவர்களிலும் இளவயதில் சென்றவர்களுக்கே நன்மை அதிகம்.

1968-இல் கென்னடி ஸ்தாபனம் ஸ்கீல்ஸுக்குப் பரிசளித்துக் கௌரவித்தது. அது தகும். ஆனால் அந்த வைத்தியத்தைச் செய்தவர்கள், உலகம் 'மந்தபுத்தி' என்று ஒதுக்கி வைத்த ஸ்திரீகள் அல்லவா? எழுதப் படிக்கவும் தடுமாறியவர்கள் மடியில் வைத்துக் கொஞ்சியே ஒரு குழந்தையின் அறிவை மலர்த்த முடியுமானால், நம் வீட்டுக் கூடத்தில் தவழும் குழந்தைக்கு நாம் தினமும் ஒதுக்கும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது நல்லது.