எண்ணெயைத் தள்ளும் கெட்டித் தண்ணீர்

எங்கள் வகுப்பில் பலர் நெட்டுக்குப்பத்துப் பிள்ளைகள். எண்ணெய் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தாளிப்பு அன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்த கறுப்பு எண்ணெய்தான். படகிலும் வலையிலும் கருங்கல்லிலும் ஒட்டிய அது, எத்தனை குடம் தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. எங்கள் தகப்பன்மார் வாளியால் அள்ளினார்கள். பூமிக்கு அடியிலும் எண்ணெய்க்கு இதே பிடிவாதம்தான் என்று வேதியியல் வகுப்பில் அறிந்தபோது வியப்படைந்தோம்.

கச்சா எண்ணெய் பூமிக்குள் ஏரி போலத் தேங்கி நிற்கிறது என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். அப்படியன்று. பாறையின் நுண்ணிய துளைகளில், ஈர மணலில் நீர் இருப்பது போல அது ஒளிந்திருக்கிறது. முதலில் பூமியின் அழுத்தத்தால் தானே மேலே வரும். அழுத்தம் குறைந்ததும் வேறு கிணறுகள் வழியாகத் தண்ணீரைச் செலுத்தித் தள்ளுவார்கள். அப்படியும் பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிடுகிறது! ஏன்? கெட்டியான கேழ்வரகுக் கூழ் உள்ள சட்டியைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஓரமாக வழி கண்டு ஓடிவிடும்; கூழ் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறைக்குள்ளும் அதுவே நடக்கிறது.

ஆகவே தண்ணீரையே கெட்டியாக்கினால் என்ன? லிட்டருக்கு ஒன்று, இரண்டு கிராம் பாலிமர் போதுமாம். பெரிதும் பயன்படுவது பாலிஅக்ரிலமைடு. நீரின் மூலக்கூறு எடை 18. இதற்கோ 2 கோடி வரை போகும். அத்தனை நீளமான சங்கிலி! சங்கிலி நெடுகிலும் எதிர்மின்னூட்டம் கொண்ட பகுதிகள் உண்டு. அவை ஒன்றையொன்று விலக்குவதால் சங்கிலி விரிந்து நின்று நீரைப் பாகு போலாக்குகிறது.

இங்கேதான் உப்பு வந்து கெடுக்கிறது. இதனைச் சோதனைக்கூடத்தில் நாங்களே பார்த்தோம். குழந்தைகளுக்குக் கட்டும் கடை நாப்கினைப் பிரித்தால் வெண்மையான துகள் கிடைக்கும். அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் சங்கிலிகள் வலை போல் பிணைக்கப்பட்டிருப்பதால் கரையாமல் உப்பும். குழாய்த் தண்ணீரில் துகள் பொங்கி டம்ளரையே நிறைத்தது. நெட்டுக்குப்பத்திலிருந்து சீசாவில் கொண்டுவந்த கழித் தண்ணீரிலோ கொஞ்சமே உப்பிற்று. பொங்கிய முதல் டம்ளரில் சமையல் உப்பைத் தூவினோம். சற்று நேரத்தில் அது நீர்த்து ஒழுகியது. உப்பிலுள்ள சோடிய அயனிகள் எதிர்மின்னூட்டத்தைச் சூழ்ந்து மறைத்துவிட, சங்கிலி சுருண்டுகொள்கிறது. கால்சியமும் மக்னீசியமும் இன்னும் பொல்லாதவை. எண்ணெய்ப் பாறையில் இவை எல்லாமே உண்டு.

வெப்பமும் ஒரு பகை. சுமார் 70 டிகிரிக்கு மேல் இச்சங்கிலி மெல்ல மெல்ல வேதிமாற்றம் அடைந்து, கால்சியத்தோடு சேர்ந்து வண்டலாகப் படிந்துவிடும். பம்பின் வேகமோ நீண்ட சங்கிலியை அறுத்துவிடும். எனவே உப்பையும் சூட்டையும் தாங்கும் சல்போனேட் தொகுதிகளைச் சங்கிலியில் சேர்க்கிறார்கள். பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் சாந்தன் கோந்து விறைப்பான கோல் போன்றது, உப்புக்கு அஞ்சாது. ஆனால் பிற கிருமிகள் அதனைத் தின்றுவிடும்! இடத்துக்கு ஏற்ற பாலிமரை வடிவமைப்பது தையல்காரர் அளவெடுப்பதைப் போன்ற வேலை.

நம் நாட்டில் இதற்குப் பெரிய சான்று ராஜஸ்தான் பார்மர் மாவட்டத்தின் மங்களா வயல். 2004-இல் கண்டறியப்பட்டு, 2009-இல் உற்பத்தி தொடங்கியது. அங்குள்ள எண்ணெய் மெழுகு மிகுந்தது. சூடேற்றிய குழாயில்தான் குஜராத்துக்குச் செல்கிறது. 2011-இல் சிறு அளவில் பாலிமர் செலுத்திப் பார்த்துவிட்டு, சில ஆண்டுகளில் வயல் முழுவதற்கும் விரிவாக்கினர். பாறையின் வெப்பம் ஏறத்தாழ 65 டிகிரிதான் என்பது பாலிமருக்கு வாய்த்த நல்ல காலம்.

வகுப்பு முடியும் வேளையில் நெட்டுக்குப்பத்துத் தோழி ஒருத்தி எழுந்து, "அந்தக் கெட்டித் தண்ணீர் மேலே வந்த பிறகு எங்கே போகும், டீச்சர்?" என்று கேட்டாள். அது எண்ணெயோடு சேர்ந்தே வரும் என்றும், கெட்டியாக இருப்பதால் எண்ணெய்த் துளிகளைப் பிரிப்பது சாதாரணத் தண்ணீரைவிடக் கடினம் என்றும், பிரித்த நீரைத் திறந்தவெளியில் விடாமல் சுத்திகரித்து மீண்டும் பாறைக்குள் செலுத்துவதே முறை என்றும் டீச்சர் விளக்கினார். பாலிமர் அவ்வளவு தீங்கானதன்று. ஆனால் அதனைச் செய்ய உதவும் அக்ரிலமைடு நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சு. ஆகவே அது பாலிமரில் மிஞ்சாதபடி பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தோழி அதனையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.