ஓரறிவு முதல் ஆறறிவு வரை

இயற்கையை ஆராய்வது விஞ்ஞானத்தின் வேலை. இலக்கணத்துக்கும் சமயத்துக்கும் அங்கே என்ன வேலை என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். விடை தேடத் தொல்காப்பியத்தின் கடைசி இயலாகிய மரபியலைப் புரட்டிப் பார்க்கலாம்.

மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு ஒன்றே. நத்தை இனத்துக்குச் சுவை சேர்ந்து இரண்டு. கறையானுக்கும் எறும்புக்கும் மோப்பத்தோடு மூன்று. நண்டு, தும்பிக்குப் பார்வையும் சேர்ந்து நான்கு. விலங்குகளுக்குச் செவியோடு ஐந்து. மனிதனுக்கு மனம் ஆறாவது.

நத்தைக்கு மோப்பம் உண்டு, எறும்பில் பலவற்றுக்குக் கண்ணும் உண்டு என்கிறது இன்றைய விஞ்ஞானம். இருக்கட்டும். புல்லையும் மனிதனையும் ஒரே ஏணியில் நிறுத்தினார்களே, அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. யானைக்கும் பசுவுக்கும் கன்று என்று சொன்ன அதே இயல், கன்று, பிள்ளை என்ற பெயர்களை ஓரறிவு உயிருக்கும் தருகிறது. இன்றைக்கும் மாங்கன்று, தென்னம்பிள்ளை என்றுதானே சொல்கிறோம்? இது உறவுமுறைப் பேச்சு. 'செடி' என்று மட்டும் சொல்லிப் பழகும் குழந்தைக்கு இந்த உறவு தெரியாமலே போய்விடும்.

எங்கள் சமண நூல்களிலும் இதே போன்ற ஏணி உண்டு. மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் ஓரறிவு உயிராகக் கொள்வது அங்கே கூடுதல். தமிழ் இலக்கணம் பெயரிடுவதற்காக வகுத்தது. சமணம் ஒழுக்கத்துக்காக வகுத்தது. துறவி எல்லா உயிருக்கும் தீங்கு செய்யாமலிருக்க வேண்டும். இல்லறத்தானுக்கு அது முடியாது. சோறு பொங்க நெல்லும் நீரும் நெருப்பும் வேண்டுமே! ஆகவே ஈரறிவு முதலான உயிர்களை வேண்டுமென்றே கொல்லாதே, ஓரறிவு உயிரைத் தேவைக்கு மேல் அழிக்காதே என்று எல்லை வகுத்தார்கள்.

பருப்பு வியாபாரியான எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மூட்டையில் வண்டு விழுந்தால் மாத்திரை வைத்துக் கொல்வதா, சரக்கை இழப்பதா? அந்த நிலை வராமல் நன்றாகக் காயவைத்து, அளவாக வாங்கி, தேக்காமல் விற்பதே நான் கைக்கொள்ளும் வழி. லாபம் கொஞ்சம் குறையும்தான்.

வண்டை எப்படிக் கொல்வது என்று விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும். கொல்லத்தான் வேண்டுமா என்று கேட்க வைப்பது இந்தப் படிப்பு. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு முதலாவது பள்ளிக்கூடத்தில் கிடைத்துவிடும். இரண்டாவதை வீட்டுத் தமிழில் நாம்தான் கொடுக்க வேண்டும்.