யாரிடம் கேட்கிறோம்? தேசியப் பூங்காக்களில் பார்வையாளர் கருத்தாய்வு

தேசியப் பூங்காக்களுக்கு வருவோரின் அனுபவங்களையும் அபிப்பிராயங்களையும் வினாக்கொத்துகள் மூலம் திரட்டுவது இன்று பல நாடுகளில் வழமையாகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1958இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவொன்று, மக்களின் வெளிப்புறப் பொழுதுபோக்கு நாட்டங்களை நாடளாவிய ரீதியில் ஆராய்ந்து 1962இல் அறிக்கை வெளியிட்டமை இத்துறை வளர்ச்சிக்குப் பெரிதும் உதவியது. வருவோரின் கருத்தறிதல் வரவேற்கத்தக்கதே. ஆயின், ‘வருவோர்’ எனப்படுவோர் யாவர் என்பதை முதலில் தெளிவுபடுத்தல் வேண்டும்.

1938இல் தேசியப் பூங்காவாகிய யாலவை எடுத்துக்கொள்வோம். வாயிலில் சீட்டுப் பெற்று ஜீப்பிற் செல்வோரிடையே எடுக்கப்படும் மாதிரி, அச்செலவைத் தாங்கக்கூடியோரின் மாதிரியே. கதிர்காம உற்சவ காலத்தில் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலிருந்து குமண, யால காடுகளினூடே கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர் அதில் இடம்பெறார். அவர்களுக்கு அக்காடு நேர்த்திக்கடனின் வழியாகும். வினாக்கொத்து ஆங்கிலத்தில் மட்டும் அமையுமாயின் விடுபடுவோர் தொகை மேலும் பெருகும்.

பெறப்படும் விடைகளையும் அவ்வாறே ஏற்றுக்கொள்ளலாகாது. யாலவில் சிறுத்தையொன்று தென்பட்டதும் ஜீப்புகள் முண்டியடிப்பதை யாவரும் அறிவர். எனினும், நெரிசல் மிகுந்த இடங்களிலும் ‘திருப்தி’ குறையாதிருப்பதை ஆய்வாளர் பலர் கண்டுள்ளனர். நெரிசலை வெறுத்தோர் வருவதை நிறுத்திவிடுகின்றனர். முதன்முறை வருவோருக்கு ஒப்பிடுவதற்குப் பழைய அனுபவம் இல்லை. பணமும் நேரமும் செலவிட்டோர் பயணம் வீணென்று கூறத் தயங்குவர். ஆகவே, உயர்ந்த திருப்தி காட்டின் நலத்துக்குச் சான்றாகாது.

யாவற்றுக்கும் மேலாக, வெளியேற்றப்பட்டோர் பார்வையாளர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடர் தம் வேட்டைக்காடுகளை இழந்தனர். குடும்பங்கள் பல ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்குச் சென்றன. தலைவர் திஸாஹாமி தம்பானவை விட்டகல மறுத்தார். பூங்கா வாயிலில் எத்தனை ஆயிரம் பேரை வினவினும் இவர்களது அனுபவம் எமக்குக் கிட்டாது. நுகர்வோரை மட்டும் வினவுவது சந்தை ஆய்வேயன்றிச் சமூக ஆய்வாகாது.

கருத்தாய்வைக் கைவிடுதல் வேண்டுமென்பது எமது முடிபன்று. அது மும்மொழிகளிலும் எல்லாப் பருவங்களிலும் நடத்தப்படல் வேண்டும். வாயிலுக்கு வெளியே அயற்கிராமத்தவர், யாத்திரிகர், ஜீப் சாரதிகள், வர இயலாதோர் ஆகியோரும் வினவப்படல் வேண்டும். மக்களின் பெயரால் காக்கப்படும் காட்டின் எதிர்காலத்தைச் சீட்டு வாங்கியோரின் விடைகளைக் கொண்டு மாத்திரம் தீர்மானித்தல் நியாயமாகாது.